நோட்டு செல்லாமல் போன பிறகு

அன்புள்ள ஐயா,

பதினேழு ஆண்டுகளாக ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக்காக இருக்கிறேன். அடுத்த ஆண்டு பட்டுக்கோட்டைக்குத் திரும்பி உதிரிபாகக் கடை வைக்க எண்ணம். சேமிப்பில் பெரும்பகுதி வீடு கட்டியதில் போய்விட்டது. "உனக்குத்தான் வெளிநாட்டில் அத்தனை பேரைத் தெரியுமே" என்கிறார்கள். ஆள் பழக்கம் சோறு போடுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

போட்டிருக்கிறது. மணிப்பூரின் எல்லை ஊரான மோரேயில் வாழும் தமிழர்களைக் கேளுங்கள்.

1962இல் பர்மாவில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகள் அரசுடைமையாயின. பர்மியப் பணமான கியாட்டில் 50, 100 நோட்டுகள் செல்லாமல் போயின. தலைமுறைகளாகச் சேர்த்ததை விட்டுவிட்டு லட்சக்கணக்கான இந்தியர்கள் வெளியேறினார்கள். தமிழகத்தில் வேர்பிடிக்க முடியாத சிலர், பர்மாவுக்கே போய்விடலாம் என்று மணிப்பூர் வழியாகப் புறப்பட்டார்கள். எல்லையில் திருப்பி அனுப்பப்பட்டு மோரேயிலேயே தங்கிவிட்டார்கள். கையில் காசில்லை. பர்மிய மொழி இருந்தது, அந்தப் பக்கத்து மனிதர்களின் பழக்கம் இருந்தது. எந்தச் சரக்குக்கு எங்கே கிராக்கி, யார் வாக்குத் தவறாதவர் என்பது தெரிந்திருந்தது. 1995இல் எல்லை வணிகம் முறைப்படி தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே அவர்கள் அங்கே வியாபாரிகளாகிவிட்டார்கள்.

அதே பர்மாவிலிருந்து வந்தவர்களுக்காகத்தான் 1969இல் சென்னையில் பர்மா பஜார் உருவானது. ஆனால் அங்கே கைகொடுத்தது கடை போடக் கிடைத்த இடமும் துறைமுகத்தின் அருகாமையும்தான் என்பது என் கணிப்பு. பர்மா உறவுக்கு அந்தத் தெருவில் பெரிய வேலை இருக்கவில்லை.

ஆகவே உங்களுக்குத் தெரிந்தவர்கள் எல்லோரையும் ஒரே கணக்கில் எழுதாதீர்கள். சேர்ந்து சமைத்துச் சாப்பிட்ட அறைத் தோழர் அவசரத்துக்குக் கைமாற்று தருவார். அது பெரிய விஷயம். கம்ப்ரசர் விற்கும் கடைக்காரரோ எது அசல், எது போலி, விலை எப்போது இறங்கும் என்று சொல்வார். உங்கள் கடைக்கு வேண்டியவர் அவர்.

இன்னொன்றையும் மறைக்க மனமில்லை. 2020இல் மோரே எல்லை வாசல் மூடப்பட்டது. 2023இல் கலவரம் அந்த ஊரையும் எரித்தது. அந்த ஒரு வாசலை நம்பியிருந்த குடும்பங்களை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. நீங்களும் ஷார்ஜா என்ற ஒரே வாசலை நம்பிவிடாதீர்கள். நீங்கள் இல்லாத பதினேழு ஆண்டுகளில் பட்டுக்கோட்டையில் உங்களுக்குக் கடன் கொடுக்கக்கூடியவர்கள் குறைந்திருப்பார்கள். உள்ளூர் மெக்கானிக்குகள் யாரிடம் சாமான் வாங்குகிறார்கள் என்று அடுத்த விடுமுறையில் சுற்றிப் பாருங்கள். ஷார்ஜாவை விட்டுக் கிளம்புவதற்கு முன், அந்தக் கம்ப்ரசர் கடைக்காரரிடம் நேராகவே கேட்டுவிடுங்கள்: பாதிப் பணத்தை முன்னால் வாங்கிக்கொண்டு, மீதியைக் கடனாக வைத்து முழுச் சரக்கு அனுப்புவாரா என்று.