போருக்கு முன் கட்டிய வீடு, புதுப் பூச்சு: வாங்கலாமா?

கேள்வி: நான் வவுனியாவில் ஆசிரியையாக இருக்கிறேன். கிளிநொச்சிக்கு இடமாற்றம் கிடைத்திருக்கிறது. கரடிப்போக்குச் சந்திக்கும் டிப்போச் சந்திக்கும் இடையில், ஏ9 வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கையில் ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறது. எண்பதுகளில் கட்டிய கல்வீடு. முழுக்கத் திருத்தி, மாபிள் பதித்து, பெயின்ற் அடித்து வைத்திருக்கிறார்கள். சந்தை, கோவில், பஸ் எல்லாம் நடைதூரம். விற்பவர் பழைய சொந்தக்காரரின் மகன். தகப்பன் 2009 இல் காணாமற்போனவர். இந்தக் கிழமைக்குள் பத்து இலட்சம் முற்பணம் கேட்கிறார். காசு தருபவர் கனடாவில் இருக்கும் என் அண்ணா. உறுதியைத் தன் பெயரில் முடிக்க விரும்புகிறார். வாங்கலாமா?

பதில்: இந்தக் கிழமை ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். இடம் நல்ல இடம்தான், அதில் மறுபேச்சு இல்லை. பள்ளிக்கூடம் போய்வரும் ஒருவருக்கு அந்தப் பக்கம் மிகவும் வசதி. ஆனால் உங்கள் கடிதத்தில் வீட்டைப் பற்றி நிறைய இருக்கிறது, காணியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வன்னியில் வீடு வாங்குவதென்றால் முதலில் காணியின் எழுத்தை வாங்குகிறோம், அதன் மேல் நிற்பதுதான் வீடு.

ஆகவே விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது: இது தனியாருக்குச் சொந்தமான உறுதிக் காணியா, அரசு அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணியா? கிளிநொச்சியின் பெரும்பகுதி இரணைமடுக் குளத்தை நம்பி உருவான குடியேற்றத் திட்டங்களால் வளர்ந்தது. அதனால் நகரத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் அரச காணிகள் அதிகம். அவை பெரும்பாலும் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பெர்மிட்டாகவோ, அதற்கு அடுத்த படியான அளிப்பாகவோ (கிராண்ட்) கொடுக்கப்பட்டவை. பெர்மிட் வைத்திருப்பவர் அந்தக் காணிக்கு முழு உரிமையாளர் அல்ல; தன் விருப்பத்துக்கு விற்க முடியாது. அளிப்புப் பத்திரம் கிடைத்த காணியைக்கூட, பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதத்தை முன்கூட்டியே பெறாமல் கைமாற்றினால் அந்த உறுதி செல்லாது. நொத்தாரிசு கையெழுத்து வைத்திருந்தாலும் செல்லாது. வெள்ளைத்தாளில் எழுதி, முத்திரை ஒட்டி, இரண்டு பேர் சாட்சி வைத்துக் கைமாறிய காணிகள் வன்னியில் ஏராளம். சண்டை வராத வரைக்கும் எல்லாம் சரிபோலவே இருக்கும். பிரதேச செயலகக் காணிப் பிரிவில் அந்தக் காணியின் கோவை யாருடைய பெயரில் இருக்கிறது, அவருக்குப் பின் காணியைப் பெறும் பின்னுரித்தாளராக யாரைப் பதிந்திருக்கிறார்கள் என்று கேட்டு, விற்பவரையும் கூட்டிக்கொண்டே போய்ப் பாருங்கள். கூட வரத் தயங்கினால் அதுவும் ஒரு பதில்தான்.

அடுத்தது தகப்பனின் விஷயம். இதைக் கேட்கவே மனம் கூசும், ஆனால் கேட்காமல் விட முடியாது. காணி தகப்பன் பெயரில் இருந்தால், அவர் இறந்ததாகப் பதிவு இல்லாத நிலையில் மகனுக்கு அது சட்டப்படி இறங்கியிருக்காது. காணாமற்போனமைக்கான சான்றிதழ் எடுத்திருக்கலாம். அது உதவித் திட்டங்களுக்கும், சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிப்பதற்கும் பயன்படும். அதை மட்டும் வைத்து விற்பனை உறுதி முடிக்க இயலாது. தன் சார்பில் விற்கச் சொல்லித் தகப்பன் முன்பு எழுதிக் கொடுத்த அற்றோனித் தத்துவம் (பவர் ஒப் அற்றோனி) இருக்கிறது என்று காட்டினாலும் நம்ப வேண்டாம். கொடுத்தவரின் மரணத்தோடு தத்துவம் முடிந்துபோகும். அவர் உயிரோடு இருக்கிறார் என்று யார் உறுதி சொல்வது? எத்தனையோ குடும்பங்கள் இன்னும் மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாமல் காத்திருக்கின்றன. அந்தக் காத்திருப்பை மதியுங்கள். விற்பவரின் தாயிடம் பேசும்போது அவசரப்படுத்தாதீர்கள்.

உறுதிக் காணியென்றால், யாழ்ப்பாணத் தமிழரின் சொத்துரிமை வழக்குச் சட்டமான தேசவழமை வந்து நிற்கும். பரம்பரையாக வந்த முதுசமா, பெண்ணுக்குக் கொடுத்த சீதனமா, மணமான பின் தேடிய தேடியதேட்டமா என்று பார்க்க வேண்டும். தேடியதேட்டமென்றால் தாய்க்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் பங்கு வரும். மகன் ஒருவரின் கையெழுத்து போதாது. வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகளின் கையெழுத்தும் தேவைப்படலாம். காணியில் பங்குள்ள பங்காளருக்கு, விற்கப்போவதை முன்கூட்டியே அறிவித்தாரா என்றும் கேளுங்கள். அறிவிக்காமல் விற்றால், பங்காளர் ஒருவர் வழக்குப் போட்டு அந்தக் காணியைத் தான் வாங்கிக்கொள்ளலாம். காணிப் பதிவகத்தில் குறைந்தது முப்பது வருடத்துக்குத் தோம்பு, அதாவது காணி கைமாறிய பதிவுகள், பார்க்கச் சொல்லுங்கள். கிளிநொச்சி 1984 வரை யாழ்ப்பாண மாவட்டத்தோடு இருந்தது, ஆகவே பழைய பதிவுகளை அங்கேயும் தேட வேண்டி வரலாம். தோம்பு பார்க்கும் சட்டத்தரணி உங்களுடைய ஆளாக இருக்க வேண்டும், விற்பவர் கூட்டிவந்தவர் அல்ல. அப்புறம் அனுமதி பெற்ற நில அளவையாளர் ஒருவரைக் கொண்டு எல்லையை அளக்கச் செய்யுங்கள். மீள்குடியேறியபோது கண்மதிப்பில் போட்ட வேலிகள் பல, பழைய வரைபடத்தோடு ஒத்துப்போவதில்லை.

சரி, இனி வீடு.

கிளிநொச்சி 1996 இல் இடம்பெயர்ந்தது. அந்த ஆண்டு இராணுவம் நகரைப் பிடித்தது, 1998 இல் புலிகள் மீட்டார்கள், 2009 சனவரியில் மறுபடியும் கைமாறியது. எண்பதுகளில் கட்டிய வீடொன்று இத்தனையையும் கண்டிருக்கிறது. எறிகணை விழாவிட்டாலும், கூரை ஓடுகளையும் நிலை கதவையும் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு சனம் போனபோது, வெறும் சுவர் மழையில் நின்றது. குண்டு துளைத்த ஓட்டையை மேசன் ஒரே நாளில் அடைத்துவிடுவார். பல மாரி குடித்த சுவரை அப்படிச் சரிக்கட்ட முடியாது. தண்ணீர் மேலிருந்து இறங்கிக் கல்லுக்கு இடையிலுள்ள சாந்தை அரித்திருக்கும்.

புதுப் பூச்சு இதைத்தான் மறைக்கும். ஒரு நாணயத்தை எடுத்துச் சுவரில் ஒரு சாணுக்கு ஒரு தட்டுத் தட்டிக்கொண்டே போங்கள். கணீர் என்று கேட்டால் பூச்சு சுவரைப் பிடித்திருக்கிறது. பொத்தென்று கேட்டால் உள்ளே விட்டு நிற்கிறது. யன்னல் மூலையிலிருந்து சாய்வாக மேலே ஓடும் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அது பூச்சு வெடிப்பு அல்ல, அத்திவாரமோ, யன்னலுக்கு மேலுள்ள விட்டமான லிண்டலோ அசைந்ததன் அடையாளம். சில இடங்களில் களித்தரை கோடையில் பிளந்து மாரியில் ஊதும், அங்கேயும் இது வரும். கொங்கிறீற் தட்டின் அடிப்பக்கத்தில் துருக்கறை கசிந்தால் உள்ளே கம்பி ஊதுகிறது என்று அர்த்தம், பெயின்ற் அதை ஒரு மாரிக்கு மேல் மறைக்காது. கூரையில் ஏறிப் பார்க்க ஒரு தச்சரைக் கூட்டிப் போங்கள். பழைய கூரை மரமான தீராந்தியில் எறிகணைச் சிதறல் பட்ட இடத்தில் கறையான் முதலில் குடியேறும். திருப்புளியால் குத்தினால் தெரிந்துவிடும்.

வீட்டுக்காரரிடம் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: இந்திய வீட்டுத் திட்டத்தில் திருத்த உதவி எடுத்தார்களா? புதிய வீட்டுக்கு 550,000 ரூபாவும் சேதமடைந்த வீட்டைத் திருத்த 250,000 ரூபாவும் கொடுத்த திட்டம் அது. அந்தத் தொகைக்குக் கூரையும் கதவு யன்னலும் வரும், சுவரைக் கட்டி எழுப்ப வராது. ஆகவே ‘முழுக்கத் திருத்தியது’ என்ற சொல்லுக்குள் எவ்வளவு வேலை இருக்கிறது என்று மேசனின் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள்.

கிணற்றை மறக்க வேண்டாம். எறிகணையும் வெடிபொருளும் கிணற்றுக்குள் போடப்பட்ட இடங்கள் வன்னியில் உண்டு. இறைத்துத் துப்புரவாக்கினார்களா, யார் இறங்கினார்கள் என்று விசாரியுங்கள். பின் வளவில் மலக்குழியோ அத்திவாரமோ புதிதாக வெட்ட எண்ணினால், அந்த இடம் கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்டதா என்று முதலில் மாவட்ட செயலகத்தில் கேளுங்கள். சந்தேகமான எதையும் தொடாமல் பொலிசுக்கு அறிவியுங்கள். 2018 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்பதை அயலவர் விரலால் காட்டுவார்கள்.

வீதியின் எல்லை எது, அதிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்டலாம் என்று சொல்லும் வீதிக்கோடு, கட்டடக்கோடு பற்றிய சான்றிதழைக் கரைச்சிப் பிரதேச சபையில் எடுக்கலாம்; சோலைவரி (வீட்டு வரி) நிலுவையும் அங்கேயே தெரியும்.

அண்ணாவின் பெயரில் முடிப்பதைப் பற்றி: அவர் கனேடியக் குடியுரிமை எடுத்து, இலங்கையின் இரட்டைக் குடியுரிமை பெறாமல் இருந்தால், 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் காணி வாங்குவதைத் தடுக்கிறது. மாடிக் குடியிருப்பில் வீடு வாங்க விலக்கு உண்டு, தனி வீட்டுக்கு இல்லை. உங்கள் பெயரில் முடித்தால், காசு யாருடையது, பிறகு என்ன செய்வது என்பதை அண்ணாவும் நீங்களும் இப்போதே சட்டத்தரணியிடம் எழுதி வையுங்கள். காசு வங்கி ஊடாகவே வரட்டும்.

விற்பவருக்கு உண்மையாகவே விற்கும் எண்ணம் இருந்தால், எழுத்துகள் சரியாகும் வரைக்கும் வீட்டை உங்களுக்கு வாடகைக்குத் தரச் சொல்லிப் பாருங்கள். உங்கள் இடமாற்றத்துக்கு வீடு எப்படியும் தேவை. எழுதிய வாடகை ஒப்பந்தத்தோடு ஐப்பசியிலிருந்து தை வரை இருந்தால் எந்த அறை ஒழுகுகிறது, எந்தச் சுவர் ஈரம் காட்டுகிறது என்று தெரிந்துவிடும். அதற்குள் தாயும் சகோதரங்களும் கையெழுத்து வைக்கத் தயாரா என்பதும் வெளிக்கும். கொடுத்த வாடகையை விலையில் கழிப்பாரா என்றும் கேளுங்கள், ஒத்துக்கொள்ளக்கூடும்.