துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல்கள் இப்போதும் எங்காவது ஓடுகின்றனவா?

ஓடுகின்றன. பக்கவாட்டில் பலகைகள் பொருத்திய பெரிய சக்கரங்கள் சுற்றித் தண்ணீரைத் தள்ள, நகரும் கப்பல்கள் இவை. 1807இல் அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றில் ராபர்ட் ஃபுல்டன் என்பவர் ஓட்டிய கப்பலோடு இவற்றுக்கு நல்ல காலம் பிறந்தது. ஆனால் கடலில் சிக்கல்: அலையில் கப்பல் சாய்ந்தால் ஒரு பக்கச் சக்கரம் தண்ணீரைவிட்டு மேலே வந்து சும்மா சுற்றும். 1845இல் பிரிட்டிஷ் கடற்படை ‘ராட்லர்’, ‘அலெக்டோ’ என்ற இரண்டு கப்பல்களைப் பின்பக்கத்தோடு பின்பக்கமாகக் கட்டி, எதிரெதிர்த் திசையில் இழுக்கவிட்டது. அடியில் திருகு விசிறி (புரொப்பெல்லர்) வைத்த ராட்லர், சக்கரம் வைத்த அலெக்டோவைத் தரதரவென்று இழுத்துப் போய்விட்டது.

ஆறு, ஏரிகளில் சக்கரம் தாக்குப்பிடித்தது. சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் ஏரியில் மட்டும் ஐந்து கப்பல்கள் உண்டு.

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த ஸ்காட்லாந்தின் ‘வேவர்லி’. 1947இல் ஓடத் தொடங்கியது. 1974இல் ஒரே ஒரு பிரிட்டிஷ் பவுண்டுக்கு ஆர்வலர் சங்கத்திடம் கைமாறியது. பயணிகளோடு கடலில் போகும் கடைசிச் சக்கரக் கப்பல் இதுதான். உள்ளே நின்றால், எண்ணெய் மினுங்கும் இரும்புத் தண்டுகள் ஏறி இறங்குவதைப் பக்கத்திலிருந்தே பார்க்கலாம்.