10 அடி ஓக் புதர்: தீ வைத்தால் மட்டும் போதுமா?

கேள்வி: மத்திய ஃப்ளோரிடாவில் மணல் மேட்டில் 60 ஏக்கர் ஓக் புதர்க்காடு வைத்திருக்கிறேன். 30 வருடமாகத் தீ படவில்லை. புதர் 10 அடியைத் தாண்டிவிட்டது. இந்தப் புதர்க்காட்டையே நம்பி வாழும் ஸ்க்ரப் ஜே பறவைகளும் வருவதில்லை. ஒரு முறை எரித்தால் சரியாகுமா?

பதில்: ஆகாது. அந்த உயரத்தில் இலையெல்லாம் மேலே போய்விடும், அடியில் நிழலும் ஈரமும்தான் மிச்சம். காற்று அடங்கிய நாளில் தீ வைத்தால் ஓரத்திலேயே அணைந்துவிடும். நன்றாகக் காய்ந்து, காற்றும் அடிக்கும் நாளில் பற்றும். ஆனால் அன்று அதை யாரும் பிடித்து நிறுத்த முடியாது.

அதனால் முதலில் வெட்டு, அப்புறம் தீ. பிளேடு பதித்த உருளையை டிராக்டரில் கட்டி இழுத்துப் புதரைச் சாய்ப்பார்கள். ஊடே வளர்ந்த மணல் பைன் மரங்களையும் எடுத்துவிடுங்கள். கோஃபர் ஆமை வளைகளை முன்பே குறித்துவைத்து, இயந்திரத்தைத் தள்ளியே ஓட்டச் சொல்லுங்கள். சாய்ந்தது காய்ந்ததும், புதுத் தளிர் மண்டுவதற்குள் எரித்துவிட வேண்டும். வெட்டியதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அதுதான் தப்பு: சிராய்க்குப்பை மணலை மூடிக் கிடக்கும். ஜே ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் ஓக் கொட்டைகளைப் புதைத்து வைக்கும். அதற்கு வெறும் மணல் திட்டு வேண்டும். புதரும் 4 முதல் 5½ அடிக்குள் இருந்தால்தான் பருந்து வருவது, குடும்பத்துக்குக் காவலாக மேலே உட்கார்ந்திருக்கும் ஜேயின் கண்ணில் படும்.

ஓக் செத்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். அதன் உயிர் மண்ணுக்கடியில். எரிந்த சில வாரங்களில் துளிர்க்கும்.

60 ஏக்கரையும் ஒரே நாளில் எரிக்காதீர்கள். ஒரு ஜே குடும்பத்துக்குச் சுமார் 25 ஏக்கர் தேவை. முழுவதும் கரியானால் வந்து உட்கார இடமிருக்காது. நான்கைந்து துண்டாகப் பிரித்து, வருடத்துக்கு ஒன்று போதும். பக்கத்தில் ஜே இருந்தால் மார்ச் முதல் ஜூன் வரை கை வைக்காதீர்கள், அது கூடு கட்டும் காலம்.

சட்டத்தைப் பொறுத்தவரை, எரிக்கும் நாளுக்கு ஃப்ளோரிடா வனத்துறையின் அனுமதி வேண்டும். சான்று பெற்ற எரிப்பு மேலாளரை எழுத்துத் திட்டத்தோடு வைத்துக்கொண்டால், ஏதாவது நேர்ந்தாலும் சட்டப் பாதுகாப்பு கூடுதல். பக்கத்தில் நெடுஞ்சாலை இருந்தால் நான் தீயைவிடப் புகைக்குத்தான் அதிகம் பயப்படுவேன். இரவில் அது பனியோடு கலந்தால் வண்டி ஓட்டுபவருக்குச் சாலையே தெரியாது.

அடுத்த சுற்று எப்போது? காலண்டரை விட்டுவிட்டு அளவுகோலை எடுங்கள். புதர் உங்கள் தலையைத் தாண்டப் பார்த்தால் அந்தத் துண்டின் முறை வந்துவிட்டது. அந்த உயரத்தில் பிடித்துவிட்டால் பெரும்பாலும் தீ மட்டுமே போதும், உருளை வேண்டாம்.