பழைய இயந்திரம், புதிய பிஎல்சி: மகன் இந்த வேலைக்குப் போகலாமா?

சிங்கப்பூர் ஐடிஇ தொழிற்கல்லூரியில் ஹையர் நைடெக் சான்றிதழ் படிப்பை முடித்த உங்கள் மகன், துவாஸில் பழைய இயந்திரங்களின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளை மாற்றித் தரும் சிறு நிறுவனத்தில் சேரப் போகிறாராம். "பழசைக் கட்டிக்கொண்டு அழும் வேலைக்கு எதிர்காலம் உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு அம்மா. ஆனால் எல்லா நிறுவனத்திலும் இல்லை.

இயந்திரத்தின் இரும்பு 30 ஆண்டு உழைக்கும். அதை ஓட்டும் பிஎல்சியை, அதாவது கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் இருக்கும் சிறு கணினியை, தயாரிப்பாளர் அவ்வளவு காலம் விற்பதில்லை. ஆலன்-பிராட்லியின் பிஎல்சி-5 2017இல் நின்றது. சீமென்ஸும் எஸ்7-300ஐ விலக்கிக்கொண்டு வருகிறது. ஜூரோங்கிலும் துவாஸிலும் இவற்றை நம்பி ஓடும் ஆலைகளுக்கு மாற்றித்தர ஆள் வேண்டும்.

புதிய பெட்டியை மாட்டுவது சுலபம். பழையது என்ன செய்துகொண்டிருந்தது என்று கண்டுபிடிப்பதில்தான் நேரம் போகும். முதல் வேலை, புரோகிராமை நகல் எடுப்பது. பல பழைய பிஎல்சிகளில் அது பேட்டரி தயவில்தான் நினைவில் நிற்கிறது. பேட்டரி தீர்ந்திருக்கும்போது மின்சாரத்தை அணைத்தால் புரோகிராம் போச்சு. பிறகு ஒவ்வொரு ஒயரையும் தொட்டுத் தொடர்ந்து பட்டியல் போட வேண்டும். பழைய ஒயரிங் வரைபடத்தை மட்டும் நம்பினால் மாட்டிக்கொள்வார், இடையில் யாரோ மாற்றியது அதில் ஏறியிருக்காது.

மாற்றிய பிறகு வரும் கோளாறுகளில் இரண்டு அடிக்கடி காண்பவை. பழைய ஜப்பானிய இயந்திரங்களில் பெரும்பாலும் என்பிஎன் சென்சார், அதாவது பொருளைக் கண்டதும் சிக்னல் ஒயரை 0 வோல்ட்டோடு இணைப்பது. பிஎல்சியின் புதிய உள்ளீட்டுக் கார்டை, 24 வோல்ட்டோடு இணைக்கும் பிஎன்பி சென்சாருக்கு ஏற்றபடி கட்டியிருப்பார்கள். சென்சாரில் விளக்கு எரியும், பிஎல்சியில் உள்ளீடு வராது. கார்டின் காமன் முனையை, அதாவது உள்ளீடுகளுக்குப் பொதுவான முனையை, 24 வோல்ட்டுக்கு மாற்றினால் சில கார்டுகளில் தீரும், மற்றவற்றில் இடையே ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) போட வேண்டும். இன்னொன்று வேகம். 30 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை பார்த்த பழைய பிஎல்சிக்கு ஸ்விட்சின் துள்ளல், அதாவது மூடும்போது ஒரு கணம் விட்டுவிட்டு ஒட்டுவது, தெரியாது. 2 மில்லிசெகண்டில் பார்க்கும் புதியது, இயந்திரத்தில் ஓடிவரும் ஒரு அட்டைப்பெட்டியை இரண்டாக எண்ணும். இந்தத் துள்ளலைப் பொருட்படுத்தாமல் விட, உள்ளீட்டு வடிகட்டி நேரத்தைக் கூட்ட வேண்டும். புதியதில் பழுது என்று கார்டை மாற்றுபவர்களும் இருக்கிறார்கள், பாவம்.

வீட்டில் பழகச் சிறிய பிஎல்சி ஒன்று, 24 வோல்ட் சப்ளை, என்பிஎன் ஒன்று பிஎன்பி ஒன்று என இரண்டு சென்சார், நாலு ரிலே, ஒரு புஷ் பட்டன் போதும். ஐந்தையும் வைத்து மேலே சொன்ன இரண்டு கோளாறையும் அவரே வரவழைத்துச் சரிசெய்யட்டும். 400 வோல்ட் மூன்று கட்டப் பக்கம் வேண்டாம். அதற்கு மின்சாரத்தை அணைத்துப் பூட்டுப் போட்டு வேலை செய்யும் முறையும், ஈஎம்ஏ (எரிசக்திச் சந்தை ஆணையம்) உரிமம் பெற்ற மின்பணியாளரின் மேற்பார்வையும் வேண்டும்.

நேர்காணலில் அவர் மூன்று கேள்வி கேட்கட்டும். பழைய புரோகிராமின் நகல் எங்கே இருக்கும்? ஒவ்வொரு உள்ளீட்டையும் சோதித்துக் கையெழுத்திடும் தாள் உண்டா? அவசர நிறுத்தப் பொத்தான், இயந்திரத்தை நிறுத்தவென்றே இருக்கும் தனிப் பாதுகாப்பு ரிலே வழியாகப் போகிறதா, சாதாரண பிஎல்சி புரோகிராமை மட்டும் நம்பியிருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் வேறு இடம் பார்க்கச் சொல்லுங்கள். "ஒயர் இழு, மற்றது நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்கிற இடத்தில் மூன்று வருடம் கழித்தும் ஒயர்தான் இழுத்துக்கொண்டிருப்பார்.

இன்னொன்று. பல ஆலைகள் சீனப் புத்தாண்டுக்குத்தான் நிற்கும், மாற்றும் வேலை அந்த நாட்களில்தான் இரவு பகலாக நடக்கும். வீட்டு விசேஷம் எதையும் அந்த வாரத்தில் வைக்காதீர்கள்.