லட்சுமிக்கு அப்புறம்

கேள்வி: மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி 2022-ல் இறந்ததிலிருந்து என் மகள் யானையே பார்க்கவில்லை. மே விடுமுறையில் காட்டுக்குப் போகலாமென்று இருக்கிறோம். முதுமலையா, கபினியா?
- வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: மே என்றால் கர்நாடகத்தின் கபினி அணைப் பக்கம்தான். அதையொட்டிய நாகரஹொளே காட்டுக்குள் குட்டைகள் வற்றி, அணைத் தண்ணீரும் இறங்கி, கரையில் பச்சென்று புல் முளைத்திருக்கும், அதைத் தேடி யானைகள் கூட்டங்கூட்டமாக வரும். புல்லைக் காலால் உதைத்துப் பெயர்த்து, வேர் மண்ணை உதறிவிட்டுத்தான் வாயில் போடும். அந்த அழகுக்கே போகலாம். முதுமலையில் தெப்பக்காடு முகாமில் வளர்ப்பு யானைகளுக்குக் களி உருண்டை ஊட்டுவார்கள், குழந்தைக்குப் பிடிக்கும். சரி, இரண்டுக்கும் சேர்த்துப் போவதானால் ஒன்று: இடையில் வரும் பந்திப்பூர் காட்டு வழிச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும், கணக்குப் போட்டுக் கிளம்புங்கள்.