பதில்: தோட்டத்துக்குப் போனாலே அப்பாவுக்கு முகம், கழுத்தெல்லாம் அரிப்பு

மெட்ராஸ்ல தங்கச்சி வீட்ல இருந்தப்போ அரிப்பு அடங்கிடுச்சு, ஓமலூர் தோட்டத்துக்கு வந்ததும் இமை, கழுத்து, முழங்கை மடிப்புல மறுபடி கிளம்பிருச்சுன்னு எழுதியிருக்கீங்கள்ல, அதுலயே பாதி பதில் இருக்குங்க. சாப்பாட்டு அலர்ஜியோன்னு கத்திரிக்காயும் கருவாடும் நிறுத்தி என்ன ஆகப்போகுது, பாவம் மனுஷன் சாப்பிடட்டும். எனக்கு பார்த்தீனியம்ங்கிற களைச்செடி மேலதான் சந்தேகம், வரப்போரமா கேரட் தழை மாதிரி இலையோட வெள்ளை வெள்ளையா பொடிசா பூத்துக் கெடக்குமே, அதேதான். தொடணும்னு கூட இல்ல, காஞ்ச செடியோட தூள் காத்துல வந்து பட்டாலே போதும்.

அலர்ஜிக்குப் போடுற செட்ரிசின் மாத்திரை கேக்கலைன்னீங்க. கேக்காதுதான், அது உடம்புல அரிப்பைக் கிளப்புற ஹிஸ்டமின்ங்கிற பொருளைத் தடுக்குற மாத்திரை, இது டி செல்ங்கிற நோய் எதிர்ப்பு செல் வழியா வர்ற அலர்ஜி, பட்டு ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சுதான் கிளம்பும், அதனாலதான் எதால வந்துச்சுன்னே பிடிபடாது.

சேலம் ஜிஹெச் ஸ்கின் ஓபில பேட்ச் டெஸ்ட் பத்தி கேளுங்க. அலர்ஜி தரும்னு சந்தேகப்படுற பொருளை முதுகுல ஒட்டி 48 மணி நேரம் விட்டு எடுத்துப் பாப்பாங்க, ரெண்டு நாள் கழிச்சு மறுபடி பாப்பாங்க, அதுவரைக்கும் முதுகு நனையக்கூடாது. மெடிக்கல்ல நீங்களா வாங்கின ஸ்டீராய்டு க்ரீமை கையோட கொண்டு போய் காட்டுங்க, இமைல மாசக்கணக்கா தடவினா கண்ணு பிரஷர் ஏறலாம், அது விளையாட்டில்ல. செடிய பூக்குறதுக்கு முன்னாடி ஆள் விட்டுப் பிடுங்குங்க, அப்பா கிட்டயே போகவேணாம். அப்புறம் சாமந்தியும் பார்த்தீனியத்தோட அதே செடிக் குடும்பம்தான், சாமி படத்துக்குப் பூ கட்டுறது அவர்னா அதையும் டாக்டர்ட்ட சொல்லிருங்க.