பைன் மரத்தடிக் காளானும் கடன் பத்திரமும்

மகள் இருமுறை நீட் எழுதியும் இடம் கிடைக்காததால், வீட்டை அடமானம் வைத்து வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். படிக்க அனுப்பலாமா என்று சென்ற வாரம் கேட்டீர்கள். உங்கள் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால், ஐயா, அனுப்ப வேண்டாம். டாக்டர் பட்டம்தான் கௌரவம் என்று வற்புறுத்தும் மைத்துனர் கடன் தவணையைக் கட்டப்போவதில்லை. படித்துத் திரும்பினாலும் இங்கே மருத்துவம் பார்க்க இன்னொரு தகுதித் தேர்வில் வென்றாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் மகள் என்னிடம் மருத்துவத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை; கொடைக்கானல் பைன் மரங்களின் அடியில் பார்த்த காளான்களைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்.

அத்தகைய காளான்கள் பலவற்றின் இழைகள் மண்ணுக்குள் வேர்களைப் போர்த்திக்கொண்டு, மரத்துக்குப் பாஸ்பரசும் நைட்ரஜனும் தந்து, சர்க்கரையைப் பெற்றுக்கொள்கின்றன. இந்த உறவில் எந்த மரபணு என்ன வேலை செய்கிறது என்று அறிய, ஆய்வாளர்கள் ஒரு பாக்டீரியாவையே கருவியாக்கியிருக்கிறார்கள். அக்ரோபாக்டீரியம் என்னும் மண் பாக்டீரியா, காயம்பட்ட செடியின் செல்லுக்குள் தன் டி.என்.ஏ.வின் ஒரு துண்டைச் செலுத்திக் கழலையை உண்டாக்கும் இயல்புடையது. அத்துண்டிலுள்ள கழலை மரபணுக்களை நீக்கி, வேண்டிய மரபணுவையும் ஹைக்ரோமைசின் என்னும் நஞ்சைத் தாங்கவைக்கும் மரபணுவையும் வைத்து, காயம்பட்ட செடி கசியவிடும் அசிட்டோசிரிங்கோன் என்னும் வேதிப்பொருளை வளர்ப்பு ஊடகத்தில் கலந்து பூஞ்சையோடு சேர்த்து வளர்த்தால், பாக்டீரியா அத்துண்டைப் பூஞ்சைக்குள்ளும் செலுத்திவிடும். பிறகு பாக்டீரியாவை ஆன்டிபயாடிக்கால் கொன்று, ஹைக்ரோமைசின் கலந்த தட்டில் தாக்குப்பிடிக்கும் இழைகளை மட்டும் பிரித்தெடுப்பார்கள். பைனோடு வாழும் சுயில்லஸ் காளானில் இது 2002இல் கைகூடியது. லக்காரியா காளானில் நைட்ரேட்டைப் பயன்படுத்த உதவும் மரபணுவின் செயலை இம்முறையில் அடக்கியபோது, பாப்லர் மரத்துடனான அதன் உறவே தடைபட்டதை 2009இல் வெளியான ஆய்வு காட்டியது.

நம் விவசாயிகள் ‘வேம்’ என்று வாங்கி இடும் வேர்ப்பூஞ்சை மட்டும் இன்னும் எளிதில் வசப்படவில்லை. இயற்கையில் உயிருள்ள வேர் இல்லாமல் அதன் வாழ்க்கை நிறைவடையாது. குறுக்குச்சுவரற்ற ஒரே இழைக்குள் எண்ணற்ற உட்கருக்கள் இருப்பதால், ஒன்றிரண்டில் மரபணு ஏறினாலும் மற்றவை மாறாமலே நிற்கும். உங்கள் மகளின் தலைமுறைக்குக் காத்திருக்கும் வேலை இதுதான்.

சுயநிதிக் கல்லூரியில் லட்சக்கணக்கில் கட்டிச் சேரும் பயோடெக்னாலஜி பி.டெக். இதற்குத் தேவையில்லை. அரசுக் கல்லூரியில் தாவரவியலோ நுண்ணுயிரியலோ மூன்றாண்டு, ‘ஜாம்’ அல்லது ‘காட்-பி’ நுழைவுத் தேர்வு எழுதி எம்.எஸ்சி. இரண்டாண்டு, அதன்பின் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஆய்வு உதவித்தொகைக்குத் தேறினால், 2023இல் உயர்த்தப்பட்டபடி மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும். முனைவர் பட்டம் வரை ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆகும். நிலையான வேலை அதற்குப் பிறகே. இதை அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

முடிவெடுக்கும் முன், அவர் படித்த பள்ளிக்கு அவரை அழைத்துச் செல்லுங்கள். ஆசிரியர் துணையோடு வெங்காய வேர்களைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சூடாக்கி நிறம் நீக்கி, வினிகரில் கலந்த பேனா மையில் ஊறவைத்து, வேருக்குள் இருக்கும் வேம் பூஞ்சையின் இழைகளை நுண்ணோக்கியில் தேடட்டும். முதல் நாள் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. இரண்டாம் நாளும் அவராகவே போய் உட்கார்ந்தால், என்னைத் தொலைபேசியில் அழையுங்கள். கல்லூரி விண்ணப்பத்தைச் சேர்ந்து நிரப்புவோம்.